நாற்பத்திரண்டாம் இலக்க இடம்

சவிரிமுத்து எவரையும் முழுதாக நம்புகிற ஆள் இல்லை. கடையில் மாம்பழப் பெட்டி வாங்கினால் மேலடுக்கைத் தூக்கி, அடியில் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் கையில் எடுப்பார். இந்த பஸ் அங்கே போகும் என்று சாரதி சொன்னாலும், ஏறி உட்கார்ந்தபின் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒருமுறை கேட்டுவைப்பார். இருபத்தாறு வயதில், கனடாவுக்கு வரும் வழியில், பாங்கொக்கில் ஒரு விடுதி அறையில் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் இருத்திவிட்டு, "பின்னேரம் வாறன்" என்று சொல்லிக் கடவுச்சீட்டுகளோடு போன ஏஜென்ட் நான்கு மாதமாகியும் வரவில்லை. அந்த நான்கு மாதம் கற்றுக்கொடுத்ததை அவர் அறுபத்தொரு வயதிலும் மறக்கவில்லை. அதை ஒரு குறையாகவும் எண்ணியதில்லை. சந்தேகப்படாதவன்தான் ஏமாறுவான் என்பது அவருடைய கணக்கு.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் அவரும் மனைவி இமெல்டாவும் இருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் மணமுடித்து ஒட்டாவா பக்கம் போய்விட்டார்கள். சவிரிமுத்து சென்-லோரானில் ஒரு குளிர்களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். எந்தச் சரக்குப் பலகை எந்தத் தட்டில் ஏறவேண்டும், எது முன்னுக்கு, எது பின்னுக்கு, எதை எடுக்க எதை நகர்த்தவேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இமெல்டா கார்தெரி என்கிற சிறுவர் காப்பகம் ஒன்றில் சின்னப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். பதினைந்து வருடமாகப் பிள்ளைகளோடு கதைத்துக் கதைத்து அவளுடைய பிரெஞ்சு, இங்கே பிறந்தவர்களின் பிரெஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அவருடைய பிரெஞ்சு "பொன்ஜூ"ரில் ஆரம்பித்து "மெர்சி"க்குள் முடிந்துவிடும். ஆகவே வீட்டுக்கு வருகிற கடிதம், தொலைபேசி, அரசாங்க அலுவல் எல்லாம் அவள் பொறுப்பு.

ட்ரெயிலர் அவருடைய பொறுப்பு. வேலைத்தலத்து நண்பன் ரேஜான் ஒரு கோடையில் தன்னுடைய ட்ரெயிலரில் அவரைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தான். சக்கரத்தில் ஒரு வீடு, அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம், வேண்டாவிட்டால் திரும்பி வரலாம். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த வருடமே இருபத்திரண்டு அடி நீளத்தில் பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கினார். அவரைப் பார்த்து இல்-பிசாரில் இருக்கும் கணேசலிங்கம் வாங்கினான். கணேசலிங்கத்தைப் பார்த்து அவனுடைய மச்சான் வாங்கினான். இப்படிக் கூடிக்கூடி, ஜூலை கடைசிக் கிழமையில் லாக் பெர்த்ரி என்ற ஏரிக்கரை முகாமில் ஒன்றாகத் தங்குகிற பன்னிரண்டு குடும்பமாகியது. ஒன்பது வருடமாக நடக்கிற கூட்டம். ஒன்பது வருடமும் எந்த ட்ரெயிலர் எங்கே நிற்பது என்று திட்டம் போட்டவர் சவிரிமுத்து.

அதை அவர் விளையாட்டாகச் செய்யவில்லை. தை மாதமே சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட பெரிய தாள் விரியும். ஒவ்வொரு ட்ரெயிலரையும் அளவு குறைத்து மட்டையில் வெட்டிவைத்திருந்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கும், வெயில் மறைப்பு எந்தப் பக்கம் விரியும், முப்பது ஆம்ப் கரண்ட் யாருக்கு வேண்டும், யாருடைய கழிவுக்குழாய் கட்டை என்பதெல்லாம் மட்டைக்குப் பின்னால் பென்சிலில் எழுதியிருக்கும். எழுதாத விஷயங்களும் இருந்தன. குறட்டை விடுகிறவர் யார், விடிய நாலுமணிக்கு எழும்பிச் செபம் சொல்லுகிறவர் யார், எந்த இரண்டு குடும்பத்துக்கிடையில் கதை பேச்சு இல்லை. கதை பேச்சு இல்லாதவர்களின் கதவுகள் ஒன்றையொன்று பார்த்துத் திறக்கக்கூடாது. இதையெல்லாம் யோசித்து அவர் மட்டைகளை நகர்த்தி நகர்த்தி வைப்பார்.

முகாமின் கிழக்குப் பக்கத்தில் குதிரைலாடம் மாதிரி வளைந்த ஒரு பாதை உண்டு. அதைச் சுற்றி அறுபதிலிருந்து எழுபத்தொன்று வரை பன்னிரண்டு இடங்கள். நடு இடத்தில், தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில், சவிரிமுத்துவின் ட்ரெயிலர். அதை ஒட்டி நீலத் தார்ப்பாய்க் கூடாரம், மூன்று பெரிய காஸ் அடுப்பு, நீட்டு மேசைகள். அங்கேதான் எல்லாருக்கும் சாப்பாடு. காலையில் புட்டு, மத்தியானம் மீன்குழம்பு, சனிக்கிழமை பனங்கிழங்கு மாவும் மீனும் போட்ட ஒடியற்கூழ். இமெல்டாவின் கூழுக்காகவே லீவு எடுத்து வருகிறவர்கள் இருந்தார்கள். தட்டும் கிண்ணமுமாக ஐம்பது பேர் நாலு பக்கத்திலிருந்தும் தன்னுடைய வாசலை நோக்கி வருவதைப் பார்க்கிறபோது சவிரிமுத்துவுக்கு நெஞ்சு நிறையும். இந்த நாட்டில் வேறெங்கும் அவர் எதற்கும் நடுவில் நின்றதில்லை.

இந்த வருடம் மார்ச் நடுப்பகுதியில் முகாமிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வெளியே படிக்கட்டில் உப்புப் போட்டும் இளகாத பனி. சவிரிமுத்து வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கைபேசியில் அதைத் திறந்தார். பன்னிரண்டு இடமும் உறுதி. ஆனால் இலக்கங்களைப் பார்த்தபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்கு, பதினொன்று, பத்தொன்பது, இருபத்தேழு, முப்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. அறுபதுகளில் ஒன்றுகூட இல்லை. முகாம் முழுவதும் விதை தூவினமாதிரிப் பன்னிரண்டு குடும்பத்தையும் சிதறடித்திருந்தார்கள். அடியில் பிரெஞ்சில் ஒரு வரி. மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தார். உங்கள் வேண்டுகோளின்படி, என்று வந்தது.

இமெல்டா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ மாசி மாதம் முகாமுக்குப் போன் எடுத்துக் கதைக்கேக்கை என்னெண்டு சொன்னனீ?" என்று கேட்டார்.

"கேக்கவேண்டியதைத்தான் கேட்டனான்."

"எங்கட வளைவைத் தரேல்லை. ஆளுக்கொரு மூலையிலை விட்டிருக்கிறாங்கள்."

"அப்பிடியோ" என்றாள் அவள். கத்தி நிற்காமல் ஓடியது. "எங்கை நிண்டாலும் காம்பிங் தானே."

இவளுக்குச் சூது வாது விளங்காது என்று சவிரிமுத்து நினைத்தார். திட்டத்தை ஒருவர் குலைத்திருக்கிறார். குலைத்துவிட்டு உங்கள் வேண்டுகோள் என்று எழுதியும் இருக்கிறார்.

முதல் சந்தேகம் முகாமின் உரிமையாளர் மடாம் லெமே மேல் விழுந்தது. பழைய உரிமையாளர் விற்றுவிட்டுப் போய், இந்த மனுசி வந்து இரண்டு வருடம். போன கோடையில் பெடியளின் கிரிக்கெட் பந்து ஒன்று யாரோ ஒருவருடைய கனூப் படகில் விழுந்தபோது மடாம் வந்து நின்ற விதம் சவிரிமுத்துவுக்கு நினைவிருந்தது. வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. தமிழரைக் கூட்டமாக நிற்கவிடக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறாள். அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமே. மறுநாள் இடைவேளையில் ரேஜானிடம் விஷயத்தைச் சொல்லி, தெரியாத ஆள் மாதிரி முகாமுக்கு எடுத்துக் கேட்கச் சொன்னார். ஜூலை கடைசியில் பன்னிரண்டு ட்ரெயிலருக்கு ஒரே இடத்தில் நிற்கவேண்டும், இருக்கிறதா?

ரேஜான் சான்ட்விச்சைக் கடித்தபடியே எடுத்துக் கதைத்தான். கதைத்து முடித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னான். வளைவு முழுக்கச் சும்மா கிடக்கிறதாம். வழமையாக எடுக்கிற கூட்டம் இந்தமுறை தாங்களாகவே வேண்டாம் என்று மாற்றிக்கொண்டதாம். யார் எடுத்து மாற்றினது என்று கேட்டதற்கு, ஒரு பெண்மணி, நல்ல பிரெஞ்சில், மிக நல்லமாதிரிக் கதைத்தார் என்றார்களாம்.

அன்று பின்னேரம் சவிரிமுத்து தவறான தட்டில் இரண்டு தரம் பலகை ஏற்றினார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் இமெல்டாவிடம், உடனே எடுத்து வளைவைத் திருப்பிக் கேள் என்றார். "ஓம், எடுக்கிறன்" என்றாள். அடுத்தநாள் கேட்டார். கார்தெரியில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல், நேரம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த கிழமை கேட்டார். "பேந்து எடுக்கிறன், இப்ப மூடியிருப்பினம்." ஏப்ரல் பிறந்து ஒரு நாள் அவளாகவே வந்து, வளைவை ஒரு மீன்பிடிக் கழகம் எடுத்துவிட்டதாம் என்று சொன்னாள். சவிரிமுத்து மேசையில் கிடந்த மட்டைகளைப் பார்த்தபடி இருந்தார். அவளைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. குற்றவாளி வேறு ஆள்.

பெண். நல்ல பிரெஞ்சு. குழுவில் உள்ளவள். ஒரு பழைய காகித உறையின் பின்பக்கத்தில் அவர் பெயர்களை எழுதினார். கணேசலிங்கத்தின் மகள், இங்கே பிறந்தவள். அவனுடைய மச்சானின் மனைவி, அஞ்சல் நிலையத்தில் வேலை. மூன்றாவது ரக்ஷனா. இமெல்டாவின் பெயரை அவர் எழுதவில்லை. எழுதவேண்டும் என்ற நினைப்பும் வரவில்லை.

ரக்ஷனாவின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். ரக்ஷனாவும் அவள் கணவன் நிதினும் புரோசார்டில் இருந்தார்கள். நிதின் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. சொந்த ஊர் சென்னை. அவள் புதுச்சேரிக்காரி. கல்லூரியில் பிரெஞ்சு படித்துவிட்டே வந்தவள். இரண்டு பேரும் சின்ன மடிப்பு ட்ரெயிலர் ஒன்று வாங்கியிருந்தார்கள். பழைய குடும்பம் ஒன்று விலகிய இடத்தில் இந்த வருடம்தான் முதன்முதலாகக் கூட்டத்தில் சேருகிறார்கள். தை மாதம் வீட்டில் எல்லாரும் கூடியபோது, சவிரிமுத்து மட்டைகளைப் பரப்பி விளக்கிக்கொண்டிருக்க, அவள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அங்கிள், எல்லாரும் ஒரே வட்டத்துல ஏன் நிக்கணும்? மொத்தச் சமையலும் ஆன்ட்டி வாசல்லயே நடந்தா அவங்க எப்போ ஏரிப்பக்கம் போவாங்க?"

வந்து அரைமணி நேரம் ஆகவில்லை, அதற்குள் திட்டத்தில் பிழை பிடிக்கிறாள் என்று அன்றைக்கே அவருக்கு மனம் கசந்திருந்தது. பிறகு அவள் இமெல்டாவோடு குசினியில் நின்று நெடுநேரம் கதைத்தாள். போகும்போது முகாமின் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். குளிர்சாதனப் பெட்டிக்குக் கரண்ட் போதுமா என்று கேட்கவாம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. சவிரிமுத்துவுக்கு இவ்வளவு நன்றாகப் பொருந்துகிற ஒன்றைப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

அவர் நிதினுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, இந்தமுறை இடம் காணாது. வேறை ஒரு குடும்பம் கனகாலமாக் கேட்டுக்கொண்டிருந்தவை. அவைக்குக் குடுக்கவேண்டியதாப் போச்சு."

"அங்கிள், ஜனவரியில கன்ஃபர்ம்னு சொன்னீங்களே. நாங்க லீவெல்லாம் போட்டுட்டோம்."

"அடுத்த வருசம் பாப்பம்."

யாரோ கைபேசியை வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு ரக்ஷனாவின் குரல். "அங்கிள், நான் ஏதாவது தப்பா பேசியிருந்தா நேரா சொல்லுங்க. இடம் இல்லேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. இடம் காணாது, அவ்வளவுதான்."

குற்றம் செய்தவள் இப்படி நேராகக் கேட்பாளா என்று ஒரு எண்ணம் வந்தது. கெட்டிக்காரி அப்படித்தான் கேட்பாள் என்று அதை உடனே தள்ளிவிட்டார். அன்றைக்கே அந்த இடத்தை ஜெகதீஸ்வரி என்ற பழைய சிநேகிதியின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். இமெல்டாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளைக்காகப் பரிந்துகொண்டு வருவாள்.

ஆனால் ஆளை வெளியே விட்ட பிறகும் மனம் ஆறவில்லை. புதிதாக வந்த ஒருத்தி தனியே இதைச் செய்யத் துணிந்திருப்பாளா? பின்னால் ஒருவர் இருக்கவேண்டும். அது கணேசலிங்கமாக இருந்தால்? பெரிய ட்ரெயிலர், இல்-பிசாரில் தனி வீடு, ஆறு வருடத்துக்கு முன்பு ஒருமுறை "அண்ணை, இந்த வேலையை நான் ஒருக்கால் செய்து பாக்கட்டோ" என்று கேட்டவன். சனிக்கிழமை காலை சவிரிமுத்து காரை எடுத்துக்கொண்டு அங்கே போனார். கணேசலிங்கம் முற்றத்தில் பனி இளகிய சேற்றை வழித்துக்கொண்டு நின்றான்.

"நானோ?" என்றான் அவன், கேட்டுவிட்டு. கோபிக்கவில்லை. மண்வாரியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு அவரை ஒருதரம் பார்த்தான். "அண்ணை, எனக்கு அந்த வேலை வேண்டாம். உங்களைப் பாத்தபிறகு ஆருக்கு அந்த ஆசை வரும்? அது சரி, இமெல்டா அக்கான்ரை கை இப்ப எப்பிடி?"

"கையோ? என்ன கை?"

"போன வருசம் துணி சுத்திக்கொண்டு நிண்டெல்லே புட்டுக் குழைச்சவ. வலக்கை. விட்டிட்டுப் போய்ப் படுங்கோ எண்டு என்ரை மனுசி சொன்னதுக்கு, ஐம்பது பேர் தட்டோடை நிக்கினம் எண்டு சொன்னவ."

சவிரிமுத்துவுக்கு அந்தத் துணி நினைவில் இல்லை. புட்டு நினைவிருந்தது. தேங்காய்ப்பூ கொஞ்சம் குறைவு என்று தான் சொன்னதும் நினைவிருந்தது. கணேசலிங்கம் கதையை மாற்றுகிறான் என்று எண்ணிக்கொண்டே காரை எடுத்தார். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறியபிறகும் அந்தத் துணி கண்ணுக்குள் வர மறுத்தது. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அது அவரைக் குடைந்தது.

மே மாதம் முகாம் திறந்த முதல் கிழமையிலேயே அவர் ஒரு நாள் லீவு எடுத்தார். இமெல்டாவிடம் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு லாக் பெர்த்ரிக்கு ஓட்டினார். ஒன்றரை மணி நேரம். வழிநெடுக, மடாம் லெமேயிடம் ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். மரங்களில் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. அலுவலகத்தில் மடாம் லெமே தனியே இருந்து சாவிகளுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தார். சவிரிமுத்துவைக் கண்டதும் எழுந்து கைகொடுத்தார். அவருடைய ஆங்கிலமும் இவருடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று குறைந்ததல்ல.

தங்கள் குழுவின் பெயரில் எடுத்தது யார் என்று சவிரிமுத்து கேட்டார். மடாம் கணினியைப் பார்க்கவில்லை. அவருக்கு நினைவிருந்தது.

"உங்கள் மனைவி. மடாம் இமெல்டா. பெப்ரவரியில், முதல் தொலைபேசியிலேயே. எல்லாரையும் தள்ளித் தள்ளிப் போடச் சொன்னார். ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்காத தூரம், என்றார்."

அந்தப் பெண் இன்னும் ஏதோ தேடி ஒரு தாளை எடுத்தார். "மற்றவர்களுக்கு எந்த இடம் என்றாலும் பரவாயில்லை, உங்களுக்கு மட்டும் நாற்பத்திரண்டு வேண்டும் என்றார். அங்கே தண்ணீர்ப் பைப் இல்லை, சமையல் கூடாரம் போடவும் இடம் போதாது என்று நான் எச்சரித்தேன். அதுதான் வேண்டும் என்று சிரித்தார்."

பொய் சொல்கிறாள் என்று நினைக்க அவர் முயன்றார். அந்த முகத்தில் பொய் இல்லை. வெளியே வந்து பாதையோடு நடந்தார். வளைவைத் தாண்டி, கழிவறைக் கட்டடத்தைத் தாண்டி, படகுத்துறையைத் தாண்டிப் பாதை முடிகிற இடத்தில் நாற்பத்திரண்டு என்ற பலகை இருந்தது. ஒன்பது வருடத்தில் அவர் அங்கே வந்ததில்லை. ஒரு ட்ரெயிலர் நிற்கலாம். முன்னால் இரண்டு கதிரை போடலாம். மூன்றாவது கதிரை போட்டால் ஒரு கால் சரிவில் நிற்கும். சரிவு முடிகிற இடத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் கிடந்தது. இமெல்டா இந்த இடத்தை எப்போது வந்து பார்த்திருப்பாள்? யாரோடு வந்தாள்? எந்த மத்தியானத்தில் அவளுக்கு இவ்வளவு தூரம் நடக்க நேரம் கிடைத்தது? கையில் துணி சுற்றிய அன்றைக்கா? சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திரும்பி ஓட்டினார்.

ஐந்து மணிக்கு இமெல்டா கார்தெரியிலிருந்து வந்தபோது அவர் மேசையில் இருந்தார். மட்டைகள் எல்லாம் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தன.

"நேரத்தோடை வந்திட்டியள்?"

"நான் வேலைக்குப் போகேல்லை. லாக் பெர்த்ரிக்குப் போனனான்."

அவள் கைப்பையைக் கதிரையில் வைத்தாள். சால்வையைக் கழற்றி மடித்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"ஓம்" என்றாள். "நான்தான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஊரெல்லாம் போய் ஆளாளைக் கேட்டுக்கொண்டு திரியிறன். எனக்கேன் சொல்லேல்லை?"

"ஒம்பது வருசமாச் சொன்னனான்." அவள் குரல் உயரவில்லை. "முதல் வருசம் தண்ணி அள்ளிக் களைக்குது எண்டு சொன்னன். அடுத்தமுறை எங்களைப் பைப்படியிலை விட்டியள். நிண்டு நிண்டு நாரி முதுகெல்லாம் நோகுது எண்டன். உயரமான மேசை செய்துகொண்டு வந்தியள். நேரம் காணேல்லை எண்டன். மூண்டாவது அடுப்பு வாங்கித் தந்தியள். நான் என்ன சொன்னாலும் அது உங்கட காதிலை சமையல் வசதி எண்டுதான் விழும். பேந்து நான் சொல்லுறதை விட்டிட்டன்."

அந்த மேசையை அவர் இரண்டு சனிக்கிழமை இருந்து செய்தார். அன்பாகத்தான் செய்தார்.

"மற்றச் சனம் என்ன நினைக்கும்?" என்றார் கடைசியில்.

"ஒவ்வொரு ட்ரெயிலருக்குள்ளையும் அடுப்பு இருக்கு. சமைப்பினம்." மடித்த சால்வையை ஒருபக்கம் வைத்தாள். "தை மாதம் அந்த ரக்ஷனா என்னட்டைக் கேட்டது, ஆன்ட்டி, நீங்க ஏரியில கால் நனைச்சிருக்கீங்களா எண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. அது போனபிறகு யோசிச்சுப் பாத்தன். ஒம்பது வருசத்திலை ஒருநாள், கையை வெட்டின அண்டைக்கு, கட்டுப் போட்டுக்கொண்டு கால்போன போக்கிலை பாதை முடியிற அந்தத் தொங்கல் வரைக்கும் நடந்துபோய் நிண்டனான். என்னைக் காணேல்லை எண்டு ஆக்கள் தேடி வந்திட்டினம். அந்தப் பிள்ளை கேட்டிராட்டி எனக்கு இந்த யோசனையே வந்திராது."

சவிரிமுத்துவின் முகம் மாறியதை அவள் கண்டாள். "என்ன?"

அவர் சொன்னார். சந்தேகப்பட்டதையும், நிதினுக்கு எடுத்ததையும், இடத்தை ஜெகதீஸ்வரிக்குக் கொடுத்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னார். அதுவரை அமைதியாக இருந்த இமெல்டாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. எழுந்து குசினிக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

"என்னிலை உங்களுக்குச் சந்தேகம் வரேல்லை" என்றாள் அங்கே நின்றபடி. "அந்தச் சின்னப்பிள்ளையிலை வந்தது. என்னிலை வந்திருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்." பிறகு, "எனக்கும் இதிலை பங்கிருக்கு. நான் அண்டைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கவேணும்" என்றாள்.

இரண்டு நாள் வீட்டில் தேவைக்குமேல் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் சவிரிமுத்து நிதினுக்கு எடுத்தார். தான் பிழையாக நினைத்துவிட்டேன் என்று சொன்னார். அந்தச் சொல்லை அவர் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் எடுத்தார். முகாமில் இன்னொரு இடம் பிடித்துத் தருவதாகவும் சொன்னார். நிதின் மரியாதையாகத்தான் கதைத்தான்.

"பரவாயில்ல அங்கிள். நாங்க காஸ்பெசி பக்கம் புக் பண்ணிட்டோம். அவ ரொம்ப வருத்தப்பட்டா. இங்க வந்து முதல் தடவையா நம்ம ஆளுங்களோட போகப்போறோம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தா."

"அவவோடை ஒருக்கால் கதைக்கலாமோ?"

கைபேசியை மூடிக்கொண்டு கேட்கிற சத்தம். பிறகு, "அவ கொஞ்சம் வேலையா இருக்கா அங்கிள்" என்றான்.

இமெல்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் மெத்ரோவும் மாறிப் புரோசார்டுக்குத் தனியே போய்வந்தாள். தேநீர் தந்தார்கள், நல்லாய்க் கதைத்தார்கள், ஆனால் வரமாட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். என்ன கதைத்தாள் என்பதை அவர் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் முழுதாகச் சொல்வாளா என்று இப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஜூலை கடைசியில் பன்னிரண்டு ட்ரெயிலர்களும் போய் ஆளுக்கொரு மூலையில் நின்றன. வாட்ஸ்அப் குழுவில் முதல்நாள் முழுக்க ஒரே புகார். நான்காம் இடத்தில் தெருச் சத்தம், இருபத்தேழில் நுளம்புக்கடி, யார் இப்படித் திட்டம் போட்டது. சவிரிமுத்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். மனைவி கேட்டது, நான் சம்மதித்தது, என்று எழுதிவிட்டுச் சம்மதித்தது என்ற சொல்லை அழித்தார். மனைவி கேட்டது என்று மட்டும் விட்டார். அதன்பிறகு புகார் குறைந்தது. பெண்கள் ஒருவர்பின் ஒருவராக இமெல்டாவுக்குத் தனியே ஏதோ எழுதுவதை அவர் கவனித்தார். அவள் படித்துப் படித்துச் சிரித்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் பழக்கதோஷத்தில் கணேசலிங்கம் கையில் தட்டோடு நாற்பத்திரண்டு வரைக்கும் நடந்து வந்துவிட்டான். தார்ப்பாயும் இல்லை, அடுப்பும் இல்லை. இரண்டு கதிரை. ஒன்றில் இமெல்டா, கால் இரண்டையும் ஒரு கல்லின் மேல் நீட்டி, வாய் கொஞ்சம் திறந்தபடி நித்திரை. சவிரிமுத்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். கணேசலிங்கம் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அடிமேல் அடிவைத்துத் திரும்பிப் போனான்.

சவிரிமுத்து பாணுக்குள் சம்பல் வைத்து இரண்டு பேருக்கும் மூடிவைத்துவிட்டு மற்றக் கதிரையில் உட்கார்ந்தார். அவளுடைய வலக்கை மடியில் மல்லாந்து கிடந்தது. பெருவிரல் அடியில் ஒரு வெள்ளைத் தழும்பு. இதுவா அது? முப்பத்திரண்டு வருடமாகப் பக்கத்தில் இருக்கிற கை. சாரதியையும் கடைக்காரரையும் மடாம் லெமேயையும் அடி வரை கிளறிப் பார்த்தவர், இந்தப் பெண் சொன்னதை மட்டும் மேலடுக்கோடு எடுத்துக்கொண்டிருக்கிறார். வேறு என்னென்ன சொல்லியிருப்பாள்? எத்தனை விஷயம் அவருடைய காதில் வேறொன்றாக விழுந்திருக்கும்? வீடு மாறின வருடம் அவள் சொன்னது, பிள்ளைகள் ஒட்டாவாவுக்குப் போன வருடம் சொன்னது. ஒன்றும் உறுதியாக நினைவு வரவில்லை. பழைய சந்தேகம் மறுபடி அசைந்தது. இந்தமுறை அது அவரைப் பற்றியது.

இமெல்டா கண் திறந்தபோது அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"என்ன?"

"இன்னும் இருக்கோ?"

"எது?"

"நீ எனக்குச் சொல்லி, எனக்கு விளங்காமப் போனது."

அவள் ஏரியைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். "பேந்து சொல்லுறன். இப்ப நான் காலை நனைச்சுக்கொண்டு வாறன்."

செருப்பைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டு அவள் சரிவில் மெல்ல இறங்கிப் போனாள். அவர் எழுந்து பின்னால் போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் கதிரையின் நுனியில் இருந்தார்.